ஜீப் சீட்டும் சுடுதண்ணித் தொட்டியும்

போனில் நீங்கள் கேட்டபோதெல்லாம் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். உங்களில் மூத்தவள் மதுரை விடுதியிலிருந்து, "அப்பா, நம்ம வீட்ல நீச்சல் குளம் கட்டிருக்கீகளாம்ல, அத்தை சொன்னாக" என்றாள். சின்னவன் போட்டோ அனுப்பச் சொல்லி நச்சரித்தான். நீச்சல் குளமும் இல்லை, ஒன்றும் இல்லை. அது ஒரு தொட்டி. அது எதற்காக நம் வீட்டுக்கு வந்தது, அதை வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்று உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். வாக்கியம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியும் முன்னால் நம் தெருமுனைக்கு வந்து, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிற அந்த ஜீப்பில், டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மூலை இருக்கிறது. மலையில் ஏறும்போது சாரல் அங்கே அடிக்காது. சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளலாம். யார் ரொம்ப வருசமாக வருகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த மூலை. அது உங்கள் அம்மாவின் இடம்.

ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு தரையாகச் சரம் ஓடும். அதனால் குத்த வைத்து உட்கார்ந்து, அப்படியே செடி செடியாக நகர்ந்து போய்த்தான் காய் எடுக்க வேண்டும். காலுக்கடியில் எப்போதும் ஈரம். இத்தனை வருசம் அப்படி உட்கார்ந்ததில் போன சீசன் கடைசியில் உங்கள் அம்மாவுக்கு முட்டி மடங்கவில்லை. மடக்கினால் நிமிர்த்த முடியவில்லை. தேய்மானம் என்றார் டாக்டர். தரையில் உட்கார முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

"கலெக்டரு மாதிரி நாற்காலியில ஒக்காந்து வெங்காயம் உரிக்கிறேன். யாராவது மனுக் குடுக்க வந்தாலும் வருவாக" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் காலையில் ஜீப் ஹாரன் கேட்டதும் முகம் மாறிவிடும்.

ஜீப் டிரைவர் நல்ல மனுசன். ஒருநாள் வீட்டுக்கே வந்து சொன்னார். "அக்கா, ஆடி முடிய பொறுத்துப் பாப்பேன். ஆவணியில மொத எடுப்புக்கு ஆள் கேப்பாக. நீங்க வரலேன்னா அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவேன். கோவிச்சுக்கக் கூடாது. எஸ்டேட்ல தலைக்கணக்கு பாக்குறாக." எடுப்பு என்றால் தோட்டம் முழுவதும் ஒருமுறை சுற்றிக் காய் பறிப்பது. மொத எடுப்பில் சேராதவளை அந்த வருசம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

உங்கள் அம்மா, "இதுல கோவிக்க என்னா இருக்கு" என்று காப்பி கொடுத்து அனுப்பினாள். அவள் வேலைக்குப் போகாவிட்டாலும் என் லோடு ஆட்டோ ஓட்டத்தில் குடும்பம் ஓடும். அது அவளுக்கும் தெரியும். அவளுக்கு அந்த மூலையும், மலை ஏறி இறங்கும் வரை ஜீப்பில் பெண்கள் நிறுத்தாமல் பேசுகிற பேச்சும்தான் வேண்டியிருந்தது.

தேனியில் பிசியோதெரபி பார்க்கிற அம்மா ஒருத்தர், "மருந்து பாதி, பயிற்சி பாதி. வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள இடுப்பு வரைக்கும் இறங்கி முட்டிய மடக்கி நீட்டுங்க. தண்ணி உங்க பாரத்த வாங்கிக்கும், வலிக்காது" என்றார். அதற்கென்று குளம் கட்டி வைத்திருக்கிற ஆஸ்பத்திரி மதுரையில் இருக்கிறதாம். தினமும் மதுரைக்கு எங்கே போவது? ஒரு அண்டாத் தண்ணீரைக் காய்ச்சிக் காலில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

நான் வாரத்தில் பாதி நாள் குமுளிக்குக் காய்கறி ஏற்றிப் போவேன் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே நான் காய் இறக்குகிற ஒரு சின்ன ரிசார்ட்டில் ஓட்டு வீடு ஒன்றைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் பின்னால் வட்டமாக ஒரு பெரிய தொட்டி கவிழ்த்து வைத்திருந்தது. மேனேஜரிடம் கேட்டேன். ஹாட் டப் என்றார். தண்ணீரை அதுவே சூடு பண்ணுமாம், உள்ளே துளைகளிலிருந்து குமிழி அடிக்குமாம், நாலு பேர் உட்காரலாமாம். அந்தக் குமிழிப் பேச்சை நான் காதில் வாங்கவில்லை. இடுப்பு வரைக்கும் தண்ணீர் நிற்குமா என்று மட்டும் கேட்டேன்.

அவர் மலையாளம் கலந்துதான் தமிழ் பேசுவார். "ஓணத்துக்கு இவிடே புதுசு வரும். இது விக்கணும். அண்ணாச்சி கொண்டு போய் வச்சு நோக்கு. இஷ்டப்பட்டா எடுத்துக்கோ. வேண்டாமெங்கில் ஓணத்துக்கு முன்னாடி திரிச்சுக் கொண்டு வா" என்றார். திரிச்சு என்றால் திருப்பி. எத்தனையோ வருசமாக அழுகல் காய் ஒன்றுகூட நான் தள்ளிவிட்டதில்லை என்பதால் வந்த நம்பிக்கை அது.

தொட்டியைக் கவிழ்த்துக் கயிறு கட்டி மலை இறக்கியபோது பெரிய ஆமை ஒன்று வண்டியில் உட்கார்ந்து வருவது போல இருந்தது. செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள்.

"என்னய்யா இது?"

"குளிக்கிற தொட்டி சார்."

"இம்புட்டுப் பெருசாவா? ஊரே குளிக்குமா?"

"எங்க வீட்டம்மாவுக்கு முட்டி வலி சார்."

போலீஸ்காரர் தொட்டியை ஒருதரம் சுற்றி வந்து, குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "முட்டி வலின்னா தைலம் வாங்குவாக. நீ தொட்டியே வாங்கிட்ட. போ" என்றார்.

வீட்டு வாசல் வழியாக அது நுழையவில்லை. கொல்லைப் பக்கச் சுவரில் பாதியை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தளம் போட்டு, சுற்றிலும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினேன். கம்பம் டவுனில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிற உங்கள் மாமா வந்து ஒயர் இழுத்தார். போர்த் தண்ணீர் நிரம்பவே மத்தியானம் ஆகிவிட்டது. சூடு ஏற சாயங்காலம் ஆனது. ஹீட்டர் போட்டால் வீட்டில் ஃபேன் சோம்பேறியாகச் சுற்றியது. பக்கத்து வீட்டிலிருந்து, "ஏன் மதினி, ஓங்க வீட்ல மாவு மில்லு வச்சிருக்கீகளா?" என்று சத்தம் வந்தது.

உங்கள் அம்மா தட்டிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் ஆவி பறந்தது.

"இதுல நான் ஒக்காரணுமா?"

"ஆமா."

"நான் என்னா நெல்லா, ஊறப்போட்டு அவிச்சு எடுக்க?"

"ஒருதரம் எறங்கித்தான் பாரேன்."

"எறங்குனா எவன் தூக்குறது?"

பழைய நைட்டியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உட்கார்ந்தாள். ஏதாவது கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீருக்குள் பார்த்தபடியே, "ஏங்க, மடங்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் திரும்பிக் கீற்றுத் தட்டியில் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் நன்றாகப் போனது. அடுத்து வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் உங்கள் அம்மாவுக்கு எண்ணெய்க் குளியல். பிறந்ததிலிருந்து அப்படித்தான். வீட்டில் இவ்வளவு வெந்நீர் சும்மா நிற்கும்போது தனியாக அடுப்பு எரிப்பானேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. முட்டிக்கும் நல்லது என்று நல்லெண்ணெயைத் தலை முதல் கால் வரை வழியவழியத் தேய்த்து, ஒரு கிண்ணம் நிறையச் சீயக்காயைக் கரைத்து எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். உள்ளேயே தேய்த்துக் குளித்தாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதுவரை நாங்கள் தொடாத குமிழி பட்டனைத் தட்டிவிட்டாள்.

நான் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். "ஏங்க, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். பதறிய குரல் இல்லை, அடுப்பில் பால் பொங்கினால் கூப்பிடுகிற குரல். போய்ப் பார்த்தால் தட்டிக்கு மேலே நுரை தெரிகிறது. பழுப்பு நிற நுரை, தொட்டியை விட்டு வழிந்து, துவைக்கிற கல்லைத் தாண்டி, முருங்கை மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் உங்கள் அம்மாவின் தலை மட்டும் இருந்தது. ஆடிக் காற்று வேறு. நுரை பிய்ந்து பிய்ந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சேலைமேல் போய் ஒட்டியது.

"அமத்துடி அத" என்றேன்.

"அமத்திட்டேன். நிக்க மாட்டேங்குது."

கொஞ்ச நேரத்தில் மோட்டார் தானாகவே ஒருமாதிரி இருமிவிட்டு நின்றது.

மறுநாள் உங்கள் மாமா வந்து அடிமூடியைக் கழற்றினார். தண்ணீரை வடிகட்டுகிற ஃபில்டரை வெளியே எடுத்தார். அது சீயக்காய்ச் சக்கையும் எண்ணெயும் சேர்ந்து புண்ணாக்கு மாதிரி இருந்தது.

"அக்கா, செக்கு வைக்கணும்னு சொல்லிருந்தா தனியா ஒயர் இழுத்திருப்பேன்ல."

"பேசாம வேலையப் பாருடா. குளிக்கிற தொட்டியில குளிச்சது ஒரு குத்தமா?"

"இதுல குளிக்கக் கூடாதுக்கா. வெளியில சுத்தமா குளிச்சுட்டு வந்து இதுல ஒக்காரணும்."

"குளிச்சுட்டு வந்து குளிக்கணுமா? அப்ப இது எதுக்கு?"

மாமா ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு அலசப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம்தானே? நம் பக்கத்தில் குளிப்பதென்றால் அழுக்குப் போக ஊற்றிக் குளிப்பது. அழுக்கே இல்லாதவன் போய் ஊறுவதற்கு ஒரு தொட்டி என்பது நமக்குப் புதுசு.

தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்து வெளியே விட்டோம். எண்ணெய்ப் பிசுக்குள்ள தண்ணீர், தென்னைக்குக்கூட விட மனசு வரவில்லை. நான் உள்ளே இறங்கித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எனக்கு மனசு விட்டுப்போனது. அன்றைக்கு உட்கார்ந்து நிதானமாக நினைத்துப் பார்த்தேன். இவ்வளவு தண்ணீர், இவ்வளவு கரண்ட், ஓயாமல் குளோரின் போட வேண்டும், அந்த வாடை உங்கள் அம்மாவுக்குக் குமட்டுகிறது. நம் போர்த் தண்ணீர் உப்பு வேறு. ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது. காற்றுக்கு மூடி பறக்கிறது. ஆசைக்காக வாங்குகிற வீடென்றால் ஒரு மாதம் உட்கார்வார்கள், அப்புறம் அதில் துணி ஊறப்போடுவார்கள். இதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். யாராவது வீட்டுக்கு இப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்டால், பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்கு வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

"திருப்பிக் குடுத்துருவோமா?" என்று உங்கள் அம்மாவிடம் கேட்டேன்.

"நெரப்புங்க" என்றாள். "நான் இனிமே குளிச்சுட்டே குளிக்கிறேன்."

அதன்பிறகு அவள் செய்ததுதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது. வெறுமனே மடக்கி நீட்டுவது அவளுக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் தட்டி ஓரமாகப் போனபோது, தண்ணீருக்குள் குத்த வைத்த மாதிரி உட்கார்ந்து, கையைக் கீழே விட்டு எதையோ துழாவுகிறாள். கொஞ்சம் நகர்கிறாள், மறுபடி துழாவுகிறாள். எதையோ தொலைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"என்னா தேடுற?"

"தேடல. காய் எடுக்குறேன்."

தொட்டி ஓரத்தில் வரிசையாகச் செடி நிற்பதாக வைத்துக்கொண்டாளாம். ஒவ்வொரு தூருக்கும் போய், சரத்தை விலக்கி, விளைந்த காயாகப் பார்த்துக் கிள்ளி, இடுப்பில் கட்டிய கூடையில் போடுகிற மாதிரி. பிஞ்சைத் தொடாமல் விட்டுவிடுவாளாம். பிசியோதெரபி அம்மாவிடம் போய்ச் செய்து காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, "இதவிட நல்ல பயிற்சி நான் சொல்லித் தர முடியாது. ஆனா தோட்டத்துல தொடர்ந்து ஒக்காராதீங்க. நடுவுல நடுவுல எந்திரிச்சு கால நீட்டணும்" என்றார்.

ஜீப் பெண்களுக்கு விசயம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோட்டம் லீவு. எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். காலைக் கழுவிக்கொண்டு, சேலையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தொட்டியைச் சுற்றி விளிம்பில் உட்கார்ந்து உள்ளே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். நான் தட்டிக்கு இந்தப் பக்கம், வண்டியில் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தேன்.

"மதினி, இன்னைக்கு எத்தன கிலோ?"

"எடை போட்டாத்தான தெரியும்."

"கங்காணி திட்டப் போறாரு, கூடை நெறையத் தண்ணியாவே இருக்குன்னு."

"ஆத்தாடி, கொதிகொதின்னு இருக்கு. எனக்கு ஒரு மாசமா இந்தக் குதிகால் வலி. சொகமா இருக்குடி."

"ஒரு மாச வலிக்கு ஒருநா வைத்தியமா? தெனமும் வாரேன்னு அண்ணேன்ட்ட சொல்லு."

"அவுகட்ட என்னா கேக்கிறது? தொட்டி எனக்கு வந்தது" என்றாள் உங்கள் அம்மா.

அன்றைக்குத் தொட்டியில் தொங்கிய கால்கள் எல்லாமே வலிக்கிற கால்கள்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கள் அம்மாவின் முட்டி முதலில் நின்றுபோனது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் முடிவை நான் எடுக்கவில்லை. ஆவணி வரட்டும், ஓணமும் அப்போதுதான், மொத எடுப்புக்கு அவளால் போக முடிகிறதா பார்ப்போம், முடியவில்லை என்றால் தொட்டியால் பிரயோசனம் இல்லை என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

மொத எடுப்பு அன்று அவள் ஜீப்பில் ஏறியபோது கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டாள். மூலையில் உட்கார்ந்திருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள். ஜீப் கிளம்பிவிட்டது. அன்றைக்கு எனக்கு வண்டியில் மனசு செல்லவில்லை. உத்தமபாளையத்தில் தக்காளி இறக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஒரு தெரு தாண்டிப் போய்விட்டேன்.

சாயங்காலம் தெருமுனையில் போய் நின்றேன். சும்மா டீ குடிக்க வந்த மாதிரி நின்றேன். ஜீப் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவள் கடைசியாக இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யார் தோளையும் பிடிக்கவில்லை. சேலையெல்லாம் சேறு. நொண்டுகிறாளா என்றுதான் பார்த்தேன். கொஞ்சம் இழுத்து நடந்தாள், அவ்வளவுதான்.

"என்னா?" என்றேன்.

"மொதச் செடியில உசிரு போயிருச்சு. அப்பறம் மடங்கிக் குடுத்துருச்சு. அந்தம்மா சொன்ன மாதிரி எந்திரிச்சு எந்திரிச்சு நின்னேன். கங்காணி ஒருமாதிரி பாத்தாரு, பாத்தாப் பாக்கட்டும்னு விட்டேன்." டீக்கடையைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டாள். "தண்ணி சூடு போட்டிருக்கீகளா?"

போட்டிருந்தேன். அவள் குளித்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினாள். காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் குமுளியிலிருந்து மேனேஜர் போன் பண்ணினார்.

"அண்ணாச்சி, ஓணம் வந்தாச்சு. எந்தா தீருமானம்?"

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து, "என்னா சொல்ல?" என்று கேட்டேன்.

"அவுகளுக்கு நல்ல நேந்திரங்காயா ஒரு குலை கொண்டு போய்க் குடுங்க" என்றாள் உள்ளேயிருந்து. "தொட்டியக் கேட்டா, ஆள் உள்ள இருக்குன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். காசைக் காய்க் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, புதுசு வாங்கியதைச் சொல்லி, அதையும் ஒருநாள் வந்து பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவளுக்கு நேரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். காலையில் ஜீப்புக்குப் போக வேண்டுமே.